வெளிநாட்டில் பிள்ளைக்குக் கட்டுப்படியான பள்ளிக்கூடம்: திருகோணமலையிலிருந்து புறப்படும் முன் செய்யவேண்டியவை

"அவருக்குக் குடும்ப விசா கிடைச்சிட்டுது அக்கா. பள்ளிக்கூடம் எப்படிப் பார்க்கிறது?" திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து இப்படிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நாங்கள் ஏழு வருடம் சார்ஜாவில் இருந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி வந்ததை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் ஐக்கிய அரபு அமீரகத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். கட்டார், ஓமான் போகிறவர்களுக்கும் வேலை ஏறக்குறைய இதேதான்.

முதல் படி: கடைசிப் பரீட்சையை முதலில் தீர்மானியுங்கள்

எல்லாரும் கட்டணத்தில் தொடங்குகிறார்கள். நான் பிள்ளையின் பதினாறாவது வயதில் தொடங்கச் சொல்வேன். அந்த வயதில் பிள்ளை எங்கே, எந்தப் பரீட்சைக்கு இருக்கப்போகிறது? இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவருக்கும் பத்து வருடம் இருக்க நினைப்பவருக்கும் ஒரே பள்ளிக்கூடம் பொருந்தாது.

வளைகுடாவில் நம்மவர்கள் பார்ப்பது பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, இந்திய சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். பொதுவாகக் கட்டணம் குறைந்தது இதுதான். பல பள்ளிகளில் இலங்கைப் பிள்ளைகளையும் சேர்ப்பார்கள். இரண்டாவது பிரித்தானியப் பாடத்திட்டம், அதாவது நாம் லண்டன் ஓ.எல். என்று சொல்வது. இதில் கட்டணம் கட்டக்கூடிய அளவிலிருந்து கனவிலும் கட்டமுடியாத அளவு வரை போகும். மூன்றாவது இலங்கைச் சமூகப் பள்ளிகள். டோஹா, மஸ்கட், ரியாத் நகரங்களில் இவை உண்டு. பெயரில் இலங்கை இருந்தாலும் பரீட்சை லண்டன் பரீட்சைதான் என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் நம் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கலாம், கட்டணமும் பெரிய சர்வதேசப் பள்ளிகளைப்போல இராது. அந்த நகரங்களுக்குப் போகிறீர்கள் என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஊருக்குத் திரும்பிப் பல்கலைக்கழகம் போகவைக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். இங்கே அனுமதி பெரும்பாலும் உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில்தான் (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) கிடைக்கிறது. திருகோணமலை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது, அந்த மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக இடங்களில் தனி ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீடு இங்கே படித்த பிள்ளைக்குத்தான். உயர்தரத்தை ஊரில் படிப்பிக்க விரும்பினால் திரும்பும் வருடத்தை இப்போதே கலண்டரில் குறித்துவையுங்கள்.

இரண்டாம் படி: பட்டியலை அரசாங்கத்திடம் எடுங்கள்

முகவர் சொன்னார், அண்ணன் சொன்னார் என்று தொடங்கவேண்டாம். துபாயில் தனியார் பள்ளிகளைக் கே.எச்.டி.ஏ. என்ற அரச அமைப்பு மேற்பார்வை செய்கிறது. ஒவ்வொரு பள்ளியின் கட்டண விபரமும், பரிசோதனையில் கிடைத்த தரமும் அதன் இணையத்தளத்தில் இருக்கும். அபுதாபிக்கு அடெக், சார்ஜாவுக்கு ஸ்பியா. நீங்கள் தங்கப்போகும் பகுதிக்குப் பக்கத்தில் எட்டுப் பள்ளியை எழுதி, கட்டணத்தைப் பார்த்து நான்காகக் குறையுங்கள். தரத்தில் 'நன்று' என்று இருந்தாலே எனக்குப் போதும். அதற்கு மேலே உள்ள பட்டத்துக்காக இரண்டு மடங்கு கட்டி, வீட்டில் ஒவ்வொரு மாதமும் கடன் வாங்கிய குடும்பங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: முழு வருடச் செலவைக் கூட்டுங்கள்

பள்ளி சொல்லும் கட்டணம் பாதிக் கதைதான். ஒரு கொப்பியில் இப்படி எழுதுங்கள். உதாரணத்துக்குத்தான் இந்தத் தொகை: கட்டணம் 9,000 திர்ஹம், பஸ் 4,500, புத்தகம் 900, சீருடை 600. மொத்தம் 15,000, மாதத்துக்கு 1,250. 9,000 என்று கேட்டு மாதம் 750தானே என்று மனக்கணக்குப் போட்டவருக்கு மாதாமாதம் 500 திர்ஹம் துண்டு விழும். இரண்டு பிள்ளை என்றால் ஆயிரம்.

பஸ் கட்டணத்தைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். வாடகை மலிவு என்று தூரத்தில் வீடு எடுத்தால் மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்குப் போய்விடும். பிள்ளையும் விடிய ஐந்தரைக்கே சாப்பிடாமல் வாசலில் நிற்கும். வீட்டையும் பள்ளியையும் ஒன்றாகவே தேடுங்கள்.

கம்பனியிடம் கல்விக் கொடுப்பனவு கேட்பதற்கு ஒரே நேரம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னர்தான். கூச்சப்படாமல் கேளுங்கள். பள்ளியிடம் தவணைக் காசு எத்தனை தடவையாகக் கட்டலாம், இரண்டாவது பிள்ளைக்குக் கழிவு உண்டா என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

நான்காம் படி: பத்திரங்கள்

இதில்தான் நாங்கள் நொந்தோம். மகளின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தது. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர் அவளுடைய அப்பாவின் பெயரில் ஒரு 'எச்' விட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து இருந்தது. அங்கே சேர்க்கைக் கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்தினாள். மூன்று வாரம் போய்விட்டது. வகுப்பில் இருந்த கடைசி இடமும் போய்விட்டது.

ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து வையுங்கள். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி மூன்றும் மொழிபெயர்ப்பிலும் பள்ளிப் பத்திரங்களிலும் எழுத்துக்கு எழுத்து அதேபோல இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே செய்வியுங்கள்.

அப்புறம் அதிபரிடம் போய்ப் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் கடைசி இரண்டு வருடத் தேர்ச்சி அறிக்கைகளையும் ஆங்கிலத்தில் கேளுங்கள். கடைசியாகச் சித்தியடைந்த தரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கவேண்டும். அமீரகத்துக்கு விடுகைப் பத்திரத்தில் மூன்று இடத்து உறுதிப்படுத்தல் தேவை: கல்வி அமைச்சு, வெளிவிவகார அமைச்சு, கொழும்பில் உள்ள அமீரகத் தூதரகம். கல்வி அமைச்சு பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கிறது. வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால் அந்த ஒரு வேலைக்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை. ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது. கல்வி அமைச்சின் முத்திரை முதலில் விழவேண்டும். தடுப்பூசி அட்டையை மறக்கவேண்டாம்.

ஐந்தாம் படி: சேரும் மாதம்

இங்கே வருடம் வழமையாக ஜனவரியில் தொடங்கும். அங்கே இந்தியப் பள்ளி ஏப்ரல், பிரித்தானியப் பள்ளி கோடை விடுமுறை முடிந்து. இடையில் போனால் சில பள்ளிகள் ஒரு வகுப்புக் கீழே போடச் சொல்லும். எங்கள் மகனைக் கீழே போட்டார்கள், அழுதான். ஒரு வருடத்தில் அதுவே அவனுக்கு நல்லதாகப் போனது, ஏனென்றால் அவன் தமிழ்மொழி மூலத்தில் படித்த பிள்ளை. கணிதம் தெரியும், கேள்வியை வாசிக்கத் தெரியாது. பின்னத்தை நிமிடத்தில் சுருக்குபவன் 'டினாமினேட்டர்' (பின்னத்தின் கீழ் எண்) என்ற சொல்லைக் கண்டு அப்படியே இருந்தானாம். புறப்பட ஆறு மாதம் இருக்கும்போதே கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் வரும் ஆங்கிலச் சொற்களைத் தினம் பத்தாகப் பழக்குங்கள். வீட்டில் தமிழ் பேசுவதை மட்டும் நிறுத்தவேண்டாம்.

அமீரகத்தில் 9ஆம் வகுப்புவரை அரபு கட்டாய பாடம். சிறிய பிள்ளைகள் விளையாட்டாகப் பிடித்துக்கொள்வார்கள். தரம் 6க்கு மேல் போகிற பிள்ளைக்குப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வகுப்பு உண்டா என்று சேர்க்கும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் கூட்டிப்பார்த்து, காசு எட்டவில்லை என்றால்? பிள்ளை சாதாரண தரத்துக்கு இரண்டு வருடமே இருக்கும் நிலையில், தாயும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்து, தகப்பன் மட்டும் போவதுதான் சரி என்று பல குடும்பங்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். 1945இலிருந்து இலவசமாக இருக்கும் படிப்பு இது, பாடநூலும் இலவசம். பிரிந்திருப்பது கஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. அப்படி இருப்பதானால் விடுகைப் பத்திரம் எடுக்கவேண்டாம். எடுத்துவிட்டால் அதே பள்ளியில் திரும்ப இடம் கேட்டு நிற்கவேண்டி வரும். போகத்தான் போகிறீர்கள் என்று முடிவானால், பத்திரத்தை வாங்கும் அன்றே அதிபரிடம் திரும்பி வரும் வருடத்தைச் சொல்லிவைத்து, அப்போது என்னென்ன கடிதம் கொண்டுவரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.