ரத்தம் கொடுக்கப் போவதற்கு முன்

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். அம்மா, மாமா, அப்புறம் அக்கா என்று மூவருக்கும் மெடுல்லரி என்கிற வகைத் தைராய்டு புற்றுநோய் வந்த பிறகுதான், இது பரம்பரையாக வருவது என்று தெரிந்தது. ரெட் என்ற மரபணுவில் பிழை. இந்தப் பரம்பரை நோயை எம்இஎன் 2 என்பார்கள்; இதில் தைராய்டோடு, சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீதம் வாய்ப்பு. அன்றிலிருந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேலூருக்குப் போய் வருகிறோம்.

மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் வருடாவருடம் ரத்தம் எடுத்தோம். அது தவறு. அக்காவிடம் எந்தப் பிழை என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு ஒருமுறை அதைப் பார்த்தால் போதும். பிழை இல்லாதவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இந்தக் கண்காணிப்பே வேண்டாம். "பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இது எதுக்கு?" என்று சித்தி தயங்கினார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரெட் மரபணுவின் 634ஆம் இடத்தில் பிழை உள்ள குழந்தைக்கு 5 வயதுக்குள்ளேயே தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். தயங்கினால் அந்த வயது தாண்டிவிடும்.

மெடுல்லரி புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறும் கால்சிட்டோனின் என்ற ஹார்மோன்தான் எங்களை அதிகம் ஏமாற்றியது. அது சீக்கிரம் சிதைந்துவிடும். ரத்தம் எடுத்த குழாயை உடனே ஐஸில் வைத்து, விரைவில் சீரம் பிரிக்க வேண்டும். ஒரு மே மாதம், ஊரிலேயே ஒரு கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்தோம். சாம்பிள் சாதாரணப் பையில், பைக்கில், அந்த வெயிலில் போனது. எண் குறைவாக வந்தது, சந்தோஷப்பட்டோம். இரண்டு மாதம் கழித்து வேலூரில் நேரில் கொடுத்தபோது எண் பழைய உயரத்திலேயே இருந்தது. லேபுக்கு லேப் முறையும் வேறு, எண்ணும் வேறு. எப்போதும் ஒரே இடத்தில் கொடுங்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளில் கால்சிட்டோனினைக் குறைத்துக் காட்டும். சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அட்ரீனல் கட்டிக்கான மெட்டாநெஃப்ரின் பரிசோதனைக்குக் காலையில் காபி குடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடி வந்து, உட்கார்ந்த உடனே கையை நீட்டக் கூடாது. 20 முதல் 30 நிமிடம் படுத்திருந்து, படுத்தபடியே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் பொய்யாக ஏறி, இல்லாத கட்டியைத் தேடி ஸ்கேனுக்கு அலைய நேரும்.

எம்இஎன் 1 என்பது வேறொரு மரபணுப் பிழையால் கணையம், பிட்யூட்டரி போன்ற சுரப்பிகளில் கட்டி வரும் பரம்பரை நோய். அது உள்ள குடும்பங்களுக்கு ஒன்று. நம்மூரில் நெஞ்செரிச்சல் என்றாலே பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கட்டிகளைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்ப்பவற்றில் காஸ்ட்ரினையும் குரோமோகிரானின் ஏ-யையும் முதலாவது ஏற்றும். இரண்டாவது ப்ரோலாக்டினை ஏற்றும். ஒரே மாத்திரையில் மூன்று ரிப்போர்ட் குழம்பிவிடும். அதற்காக நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி இருப்பவர் திடீரென நிறுத்தினால் வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசியலாம். டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

எம்இஎன் 2 இருப்பவருக்கு எந்த அறுவை சிகிச்சைக்கும், பிரசவத்துக்கும் முன்னால் மெட்டாநெஃப்ரின் பார்த்தாக வேண்டும். தெரியாமல் அட்ரீனல் கட்டியோடு மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறும். அக்காவின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே இதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்.