கலைந்தது போலத் தெரிந்தால் போதுமா?

2010இல் ஐரோப்பாவில் விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு, எந்த பிரவுசர் வேண்டும் என்று கேட்கும் ஒரு பக்கத்தை மைக்ரோசாஃப்ட் காட்டியது. போட்டியாளர்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையத்துடன் செய்த ஏற்பாடு அது. முதல் ஐந்து பிரவுசர்களும் ஒவ்வொரு முறையும் இடம் மாறி வர வேண்டும். ஆனால் மைக்ரோசாஃப்டின் சொந்த பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், சுமார் பாதி முறை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே கடைசி இடத்தில் நின்றது! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

காரணம், ஒரு பட்டியலைக் கலைக்க இன்றும் பலர் நிரலில் எழுதும் அதே ஒற்றை வரி: அரேயை (பட்டியலை) சார்ட் செய் (வரிசைப்படுத்து), எந்த உறுப்பு முந்தியது என்று ஒப்பிடும் ஃபங்ஷனில் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ராண்டம் எண்ணிலிருந்து 0.5ஐக் கழித்துத் திருப்பிக் கொடு. சார்ட் என்பது, ஒருமுறை சொன்ன பதிலை ஒப்பீடு மாற்றாது என்று நம்பி வேலை செய்வது. கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினால், சில உறுப்புகள் பழைய இடத்தை ஒட்டியே தங்கிவிடும். எது எங்கே தங்கும் என்பது அந்த பிரவுசரின் சார்ட் முறையைப் பொறுத்தது.

சரி, லூப் போட்டு ஒவ்வோர் உறுப்பையும் முழு அரேயில் ஏதோ ஓர் இடத்துடன் மாற்றினால்? இதுவும் தவறுதான், ஆனால் பார்த்தால் தெரியாது. மூன்று உறுப்புகளுக்கு 3 × 3 × 3 = 27 வழிகள், வரிசைகளோ 6. 27ஐ 6ஆல் மீதியின்றி வகுக்க முடியாதே! மூன்று வரிசைகள் 5 வழிகளிலும் மற்ற மூன்று 4 வழிகளிலும் வரும்.

சரியான முறையை 1938இல் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் தாளும் பென்சிலுமாகச் செய்யச் சொன்னார்கள். கணினிக்கு ஏற்றபடி 1964இல் அதைச் சுருக்கியவர் டர்ஸ்டன்ஃபெல்ட். கடைசி உறுப்பிலிருந்து தொடங்கி, அதுவரை உள்ள இடங்களில் ஒன்றைத் தேர்ந்து இடம் மாற்று, ஓரிடம் முன்னே வா, மறுபடி செய். தேர்வில் அந்த உறுப்பின் சொந்த இடமும் சேர வேண்டும். அதை விட்டுவிட்டால் எந்த உறுப்பும் தன் பழைய இடத்தில் நிற்கவே நிற்காது. மூன்று உறுப்புகளுக்கு 6 வரிசைகளில் 2 மட்டுமே வரும்.

அப்புறம் சீட் (seed) விவகாரம், அதாவது ராண்டம் எண்கள் எந்த எண்ணிலிருந்து தொடங்கி உருவாகின்றன என்பது. 1999இல் ஓர் இணைய போக்கர் தளத்தின் சீட்டு கலைக்கும் நிரலில், நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெகண்டுகளே சீட். அதாவது ஒரு நாளைக்கு 8,64,00,000 கலைப்புகள்தான். 52 சீட்டுகளுக்கோ, 8க்குப் பின்னால் 67 பூஜ்ஜியம் போடும் அளவுக்கு வரிசைகள் உண்டு. சர்வரின் கடிகாரத்தோடு நேரத்தை ஒத்துப்பார்த்த ஆய்வாளர்கள் சாத்தியங்களைச் சுமார் 2 லட்சத்துக்குக் குறைத்து, தங்களுக்குத் தெரிந்த ஐந்து சீட்டுகளை வைத்தே மொத்தக் கட்டையும் கண்டுபிடித்தார்கள். பணம் புழங்கும் இடத்தில் சாதாரண ராண்டம் போதாது; பாதுகாப்புக்கென்று உள்ளதைத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் நிரல் மேல் சந்தேகமா? மூன்று உறுப்புகளை 60,000 முறை கலைத்து, எந்த வரிசை எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 10,000ஐ ஒட்டி வர வேண்டும். 8,900, 11,100 என்று இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தால், உங்கள் லூப் ஒவ்வொரு முறையும் முழு அரேயிலிருந்து இடம் எடுக்கிறது.