ஃபார்முலா 3 பருவத்தைப் பின்தொடரும் முறை: வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குங்கள்

2024-ஆம் ஆண்டின் எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா 3 பட்டத்தை வென்ற இத்தாலியர் லியோனார்டோ ஃபோர்னரோலி, அந்தப் பருவம் முழுவதும் ஒரு பந்தயத்தில்கூட முதலிடம் பெறவில்லை. ஞாயிறுதோறும் வெற்றியாளரின் பெயரை மட்டும் படித்துவந்தவருக்கு இது புதிராக இருந்திருக்கும்; பந்தயத் தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் வெள்ளிக்கிழமைத் தகுதிச்சுற்றைத் தவறாமல் பார்த்துவந்தவருக்கு அவ்வளவு வியப்பாக இருந்திருக்காது. ஐரோப்பாவின் இளையோர் ஒற்றையிருக்கைக் கார் பந்தயங்களை முதன்முறையாக ஒரு பருவம் முழுதும் பின்தொடர விரும்புவோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு தொடரைத் தேர்ந்துகொள்ளுங்கள். கார்ட் என்னும் சிறு வண்டிப் பந்தயங்களிலிருந்து வரும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இத்தாலி, பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் போன்ற நாடுகளின் ஃபார்முலா 4 தொடர்களில் தொடங்கி, ஃபார்முலா ரீஜனல், ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று படிப்படியாக ஏறுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் பார்க்க முனைந்தால் பெயர்கள் குழம்பி, மே மாதத்திற்குள் சலிப்பு வந்துவிடும். தொடங்குபவருக்கு ஃபார்முலா 3 தான் ஏற்றது என்பது என் கருத்து. 2025-இல் அது மெல்பர்னிலும் பஹ்ரைனிலும் தொடங்கி, பின்னர் இமோலா, மொனாக்கோ, பார்சிலோனா, ஸ்பீல்பெர்க், சில்வர்ஸ்டோன், ஸ்பா, புடாபெஸ்ட் வழியாக மோன்ஸாவில் முடிந்தது. மொத்தம் பத்து வாரயிறுதிகள்தான். அவை அனைத்தும் ஃபார்முலா 1 நடக்கும் அதே தடங்களில், அதே நாள்களில் நடந்தன. பத்து அணிகள், அணிக்கு மூன்று கார்கள், ஆக மொத்தம் முப்பது பேர். அனைவருக்கும் ஒரே டல்லாரா கார், ஒரே மெக்காக்ரோம் என்ஜின், ஒரே பிரெல்லி டயர் என்பதால் காரைக் காரணம் காட்டி யாரும் எளிதில் தப்பிக்க முடியாது.

எளிதில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கார் ஒன்றே ஆனாலும் அதை அமைக்கும் பொறியாளர்கள் ஒன்றல்லர். 2019-இல் இந்தத் தொடர் இப்போதைய வடிவத்தில் தொடங்கியது முதல் 2025 வரை, ஓட்டுநர் பட்டம் மூன்று அணிகளைத் தாண்டி வெளியே போனதில்லை: முதல் மூன்று ஆண்டுகள் பிரேமா, 2022-இல் ஏ.ஆர்.டி., பிறகு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் டிரைடென்ட். ஆகவே பருவம் தொடங்கும் முன் முப்பது பெயர்களையும் அணிவாரியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு குறிப்புகளை மட்டும் சேருங்கள்: இது அவருக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஃபார்முலா 1 அணியின் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறார். ஓர் ஓட்டுநரை மற்ற இருபத்தொன்பது பேரோடு ஒப்பிடுவதைவிட, அதே கூடாரத்தில் இருக்கும் மற்ற இருவரோடு ஒப்பிடுவதே நேர்மையான அளவுகோல்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம். நாற்பத்தைந்து நிமிடப் பயிற்சிக்குப் பிறகு முப்பது நிமிடத் தகுதிச்சுற்று நடைபெறும். ஃபார்முலா 1-இல் உள்ளதுபோல் டயரைச் சூடாக்கும் போர்வைகள் இங்கே கிடையாது. குளிர்ந்த டயரோடு வெளியே வரும் ஓட்டுநர், தடத்தில் வளைந்து நெளிந்தும் பிரேக்கை அழுத்தியும்தான் அதைப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பதம் நீண்ட நேரம் நிற்காது. எனவே முதல் டயர் தொகுதியில் ஒரு முயற்சி, உள்ளே வந்து மாற்றிக்கொண்டு கடைசிப் பத்து நிமிடத்துக்குள் இன்னொரு முயற்சி என்று முப்பது பேருக்கும் ஏறத்தாழ ஒரே திட்டம்தான் இருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் தடத்துக்கு வருவதால், முன்னால் போதிய இடைவெளி விட்டுத் தன் சுற்றைத் தொடங்குவதே தனித் திறமையாகிவிடுகிறது. மோன்ஸாவில் இது தலைகீழ்: நீண்ட நேர்ப்பாதைகளில் முன்னால் செல்லும் காரின் காற்று நிழல் கிடைத்தால் வேகம் கூடும் என்பதால், யாரும் முதலில் போக விரும்பாமல் மெதுவாக ஊர்ந்து, கடைசியில் சிலர் நேரம் முடிவதற்குள் கோட்டைத் தொடக்கூட முடியாமல் போகும் காட்சியைப் பார்க்கலாம்.

இந்த அரை மணி நேரத்தில் தொலைக்காட்சிப் படத்தைவிட, அதிகாரபூர்வ நேரடி நேரப் பட்டியலைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். ஸ்பீல்பெர்க் தடத்தின் ஒரு சுற்று சுமார் 4.3 கிலோமீட்டர்தான், அங்கே முதல் காருக்கும் கடைசிக் காருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நொடிதான் இருக்கும். பத்தில் ஒரு பங்கு நொடி தவறினால் ஐந்தாறு இடங்கள் சரியும். தடத்தின் எல்லைக்கோட்டை நான்கு சக்கரங்களும் தாண்டிவிட்டால் அந்தச் சுற்றின் நேரம் நீக்கப்படும். ஆகவே கொடி விழுந்தவுடன் பட்டியலை எழுதிக்கொள்ளாமல், நீக்கங்கள் எல்லாம் வந்த பிறகு எழுதுங்கள். எழுதும்போது மூன்று இடங்களை அடிக்கோடிடுங்கள்: முதலாம் இடம், பன்னிரண்டாம் இடம், பதின்மூன்றாம் இடம்.

முதலிடத்துக்கு 2 புள்ளிகள் உண்டு. பன்னிரண்டாம் இடத்தை ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்கான விடை சனிக்கிழமையில் இருக்கிறது. அன்று நடக்கும் ஸ்பிரிண்ட் எனும் குறும்பந்தயத்தில் தகுதிச்சுற்றின் முதல் பன்னிரண்டு பேரின் வரிசை தலைகீழாக மாற்றப்படும். பன்னிரண்டாவதாக வந்தவர் முதலாவதாகப் புறப்படுவார்; முதலில் வந்தவர் பன்னிரண்டாவதாகப் புறப்படுவார். பதின்மூன்றாவதாக வந்தவருக்கோ இரண்டு நாளும் பதின்மூன்றாம் இடம்தான். இருவருக்கும் இடையே ஆயிரத்தில் சில பங்கு நொடி வேறுபாடு மட்டுமே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபீச்சர் எனும் முதன்மைப் பந்தயம் தகுதிச்சுற்றின் உண்மையான வரிசைப்படி தொடங்கும். அதன் முதல் பத்து இடங்களுக்கு 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்ற புள்ளிகள். சனிக்கிழமைப் பந்தயத்துக்கு 10 முதல் 1 வரை ஒவ்வொன்றாகக் குறையும் புள்ளிகள். அதாவது சனிக்கிழமை வெற்றி, ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் இடத்துக்குச் சமம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். தகுதிச்சுற்றில் பன்னிரண்டாவதாக வந்தவர் சனிக்கிழமை வென்று 10 புள்ளிகளும், ஞாயிறு ஒன்பதாவதாக முடித்து 2 புள்ளிகளும் பெறுகிறார்; மொத்தம் 12. மூன்றாவதாகத் தகுதிபெற்றவர் சனிக்கிழமை பத்தாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு முன்னேறி 4 புள்ளிகளும், ஞாயிறு மூன்றாவதாக முடித்து 15 புள்ளிகளும் பெறுகிறார்; மொத்தம் 19. கோப்பையைத் தூக்கியவர் முன்னவர், பட்டத்தை நோக்கி நகர்ந்தவர் பின்னவர். ஃபோர்னரோலி அந்த ஆண்டில் சேர்த்த 153 புள்ளிகள் இப்படித்தான் சேர்ந்தன. 2020-இல் ஆஸ்கர் பியாஸ்ட்ரி இரண்டே வெற்றிகளோடு 164 புள்ளிகள் பெற்று, தேயோ பூர்ஷேரை 3 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றதும் இதுபோன்ற கணக்கில்தான்.

ஆகையால் உங்கள் தாளில் வெற்றிகளுக்குத் தனிப் பத்தி வேண்டாம். தகுதிச்சுற்று இடம், சனிக்கிழமைப் புள்ளி, ஞாயிற்றுக்கிழமைப் புள்ளி, கூட்டுத்தொகை என்று நான்கு பத்திகள் போதும். மூன்று வாரயிறுதிகள் கடந்ததும், இரண்டாவது பத்தியில் பெரிய எண்களும் முதல் பத்தியில் 10, 11, 12 என்ற எண்களும் உள்ள பெயர்களைச் சற்று ஐயத்தோடு பாருங்கள். தலைகீழ் வரிசையில் கிடைத்த வெற்றி மட்டமானது என்று சொல்லவில்லை. 2007-இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஸ்பாவில் ஜி.பி.2 (இன்றைய ஃபார்முலா 2-இன் முன்னோடி) பந்தயத்தை வென்றதும் அத்தகைய வரிசையில்தான், அதை நேரலையில் பார்த்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை. பட்டக் கணக்கில் அதன் எடை குறைவு, அவ்வளவே.

முடிவுகளை உடனே நம்பக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். 2024-இல் புடாபெஸ்ட் ஃபார்முலா 2 ஸ்பிரிண்ட் பந்தயத்தில் ரிச்சர்ட் வெர்ஸ்கோர் முதலில் கோட்டைக் கடந்ததும் நோட்டை மூடிவைத்துவிட்டேன். பிறகு தொழில்நுட்ப விதிமீறலுக்காக அவர் நீக்கப்பட, பெங்களூரின் குஷ் மைனி வெற்றியாளர் ஆனார். பந்தயத்துக்குப் பின் கார்கள் அளந்து சோதிக்கப்படும், மோதல்கள் விசாரிக்கப்படும். கார்கள் ஒன்றையொன்று ஒட்டியபடியே கோட்டைக் கடக்கும் ஃபார்முலா 3-இல், ஐந்து நொடித் தண்டனை ஒருவரை வெற்றி மேடையிலிருந்து பத்தாம் இடத்துக்குக் கீழே தள்ளிவிடும். எனவே பென்சிலில் எழுதுங்கள். இறுதி முடிவு வந்தபின் பேனாவால் எழுதுங்கள்.

ஃபார்முலா 2-ஐயும் சேர்த்துப் பார்ப்பவர்கள் சில வேறுபாடுகளை மனத்தில் வைத்தால் போதும். அங்கே தலைகீழாவது முதல் பத்து இடங்கள். சனிக்கிழமைப் புள்ளிகள் எட்டுப் பேருக்கு மட்டுமே. ஞாயிறு கட்டாயமாக ஒருமுறை பிட்டுக்கு (டயர் மாற்றும் இடத்துக்கு) வந்து வேறு வகை டயருக்கு மாற வேண்டும். அங்கும் போர்வை இல்லாததால், பிட்டிலிருந்து வெளியேறும் கார் முதல் சுற்றில் பனிக்கட்டியில் ஓடுவதுபோல் வழுக்கும். சூடான டயரோடு பின்னால் வருபவருக்கு அதுவே வாய்ப்பு. மொனாக்கோவில் மட்டும் இரு தொடர்களிலும் தகுதிச்சுற்று இரண்டு குழுக்களாக நடக்கும், அந்தக் குறுகிய தெருக்களில் எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் விட முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பியக் கோடையில் இந்திய, இலங்கை நேரம் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். சில்வர்ஸ்டோனுக்கு மட்டும் நான்கரை. ஃபார்முலா 3-இன் ஞாயிற்றுப் பந்தயம் அங்கே காலையில் நடப்பதால், நமக்குப் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஜூலை முடிந்ததும் தாளில் இன்னொரு பத்தியைச் சேருங்கள். ஃபார்முலா 1-இல் ஓட்டுவதற்கான சூப்பர் உரிமத்துக்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் தேவை. ஃபார்முலா 2-இல் முதல் மூவருக்கும் முழு 40. ஃபார்முலா 3-இல் முதலாமவருக்கு 30, அடுத்தவர்களுக்கு 25, 20, 15 என்று குறையும். பட்டம் கைநழுவிய பிறகும் ஐந்தாம் இடத்துக்காகச் சிலர் ஏன் அப்படி முட்டிமோதுகிறார்கள் என்பது இந்தப் பத்தியைப் பார்த்தால் விளங்கும்.

கடைசி வாரயிறுதிக்கு முன்பு, பட்டத்துக்குப் போட்டியிடும் ஒவ்வொருவருக்கும் எந்த இடம் போதும் என்று கணக்கிட்டு வைத்துக்கொண்டு அமருங்கள். ஒளிபரப்பு முன்னணிக் காரைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் பார்க்க வேண்டிய கார் வேறிடத்தில் இருக்கலாம். 2024 மோன்ஸாவில் ஃபோர்னரோலி கடைசிச் சுற்று வரை நான்காவதாகத்தான் இருந்தார். முன்னே சென்ற கிறிஸ்டியன் மான்செலை அவர் முந்தியது அந்தச் சுற்றின் கடைசி வளைவில், மூன்றாம் இடத்துக்காக.