கணக்கு பிடிக்காதவர்கள் கைத்தொழில் தேடுவது எப்படி?

கணக்கு வராது, அதனால் கைத்தொழிலுக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், கைவேலையிலும் எண் இருக்கிறது. தச்சுப் பட்டறையில் அங்குலத்துக்கு 8 நூல், “ரெண்டே காலுக்கு ஒரு நூல் கம்மி” என்று ஆசாரி சொன்ன மாத்திரத்தில் பென்சில் கோடு விழ வேண்டும். இரும்பைக் கடையும் லேத்தில் நின்றால் மைக்ரோமீட்டர் என்கிற அளவுக் கருவியில் 0.01 மில்லிமீட்டர் வரை படிக்கத் தெரிய வேண்டும். ஆகவே வேலையின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த இடத்தில் அளவு டேப் யார் கையில் இருக்கிறது, கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அளவு சமாச்சாரம் பெரும்பாலும் பேட்டர்னோடும் (வெட்டுவதற்கான மாதிரி அச்சு) கட்டிங் மாஸ்டரோடும் முடிந்துவிடும். ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷினில் உட்காருகிறவருக்கு வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும், அதை இழுபடாமல் சீராக ஓட்டுவதுதான் அவருடைய திறமை. கல்யாணச் சமையலில் இத்தனை பேருக்கு இவ்வளவு அரிசி என்று சொல்வது தலைமைச் சமையல்காரர் பொறுப்பு. கட்டட வேலையில் கம்பி கட்டப் போனால் இடைவெளி, எண்ணிக்கை, நீளம் என்று நாள் முழுக்க எண்தான். பூச்சு வேலையில் கரண்டியும் பூச்சைச் சமப்படுத்தும் மணியாஸ் கட்டையும் கண்ணும் போதும்.

என்னைக் கேட்டால் வெல்டிங்கை முதலில் பாருங்கள் என்பேன். ஐடிஐ-யில் ஒரு வருடப் படிப்பு. கறுப்புக் கண்ணாடிக்குள் தெரிவது உருகிய இரும்பின் சின்னக் குட்டை மட்டும்தான். எலக்ட்ரோடு (பற்றவைக்கும் குச்சி) நுனி கொஞ்சம் விலகினாலும் சத்தம் மாறும், பொறி தெறிக்கும், சரியான தூரத்தில் நகர்ந்தால் சடசடவென்று ஒரே சீராகக் கேட்கும். இதைக் காதும் மணிக்கட்டும்தான் கற்றுக்கொள்ளும். ஆனால் கேட், கிரில் செய்கிற சின்னப் பட்டறையில் அளவெடுப்பதும் வெட்டுவதும் வெல்டர் தலையிலேயே விழும். பெரிய இரும்புக் கட்டமைப்புகள் செய்கிற பேப்ரிகேஷன் ஷாப்பில் ஃபிட்டர் மார்க் பண்ணி, பாகங்கள் நகராமலிருக்க டாக் (சின்னப் பற்று) வைத்துக் கொடுப்பார், பற்றவைப்பது மட்டும் உங்கள் வேலை. அப்படிப்பட்ட இடமாகத் தேடுங்கள்.

எண்தான் ஆகாது, அளவும் வடிவமும் பிடிக்கும் என்கிறவர்களும் உண்டு. கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலையில் சிலை வார்க்கிற ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அந்த மடிப்புகளை வைத்தே முகம், உடல், கால் என்று பிரிப்பார்கள். கற்றுக்கொள்ள வருடக்கணக்கில் பிடிக்கும், சரி, ஆனால் மனம் ஒட்டியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

சேருவதற்கு முன் சில நாள் பட்டறையில் கூடமாட நின்று பாருங்கள். “அண்ணே, இங்க அளவெடுக்கிறது யாரு? புதுசா வர்றவங்களுக்கு முதல்ல என்ன வேலை குடுப்பீங்க?” இந்த இரண்டையும் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஐடிஐ என்றால், அந்தப் பிரிவில் ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் (பட்டறைக் கணக்கு) பாடம் உண்டா என்று சேர்க்கையின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள், உங்கள் கூலி. பீஸ் ரேட் (முடித்த எண்ணிக்கைக்குக் கூலி) வேலை என்றால் முடித்த ஒவ்வொரு கட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள், ரேட்டை எழுதி வாங்கி போனில் படம் எடுத்து வையுங்கள், சனிக்கிழமை சம்பளத்துக்கு முன் வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு பிடிக்காது என்று தெரிந்தாலே குறைத்துக் கொடுக்கிற ஆட்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். அப்புறம், வேலை நன்றாக வந்துவிட்டால் மேஸ்திரியாக வரச் சொல்வார்கள். அங்கே ஆள் கணக்கும் சாமான் கணக்கும் வந்து சேரும், கணக்குப் பார்க்க ஒரு ஆள் கூட இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.