உடைந்த பெட்டிக்கு இழப்பீடு வாங்கிய விதம்

சிங்கப்பூரிலிருந்து அம்மாவுடன் திரும்பியபோது பெட்டியின் ஒரு சக்கரம் பெயர்ந்து, மூலை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மீனம்பாக்கத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் சேத அறிக்கை எழுதவைத்து நகல் வாங்கினேன். இந்தத் தாள்தான் உயிர். லக்கேஜ் டேக்கையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்தினேன். மறுநாளே மின்னஞ்சலிலும் புகார் அனுப்பினேன். சர்வதேசப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

“இது இயல்பான தேய்மானம், இழப்பீடு கிடையாது” என்று பதில் வந்தது. ஆத்திரமாக வந்தது. பிளந்த ஓடு எப்படித் தேய்மானம் ஆகும்? பெட்டியிலேயே உள்ள குறைபாட்டால் சேதம் நேர்ந்தால்தான் நிறுவனத்துக்கு விலக்கு.

வண்ணாரப்பேட்டையில் பெட்டி பழுதுபார்க்கும் அண்ணன் பிளவை விரலால் தடவிப் பார்த்தார். “மேலிருந்து விழுந்த அடி தம்பி, ஒட்டினாலும் நிற்காது” என்றார். அதையே கடையின் ரசீதுத் தாளில் எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அதை இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் பதிந்தேன். பிறகுதான் அசைந்தார்கள். பழைய பெட்டி என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள்.