லா ரிசர்வ் த லியோவில் பார்ட்டன்: வாங்குவதும் பரிமாறுவதும்

பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள சேன் ஜூலியேன் ஊரில், அயர்லாந்து வழிவந்த பார்ட்டன் குடும்பம் 1826 முதல் கைமாறாமல் வைத்திருக்கும் லியோவில் பார்ட்டன் தோட்டம், போர்தோ ஒயின் தோட்டங்களை ஐந்து நிலைகளாகப் பிரித்த 1855 தரவரிசையில் இரண்டாம் நிலையில் இடம்பெற்றது. அதன் முதன்மை ஒயினுக்குத் தேர்வாகாத தொகுதிகளிலிருந்து உருவாவதே லா ரிசர்வ் எனும் இரண்டாம் முத்திரைச் சிவப்பு ஒயின். 'இரண்டாம்' என்பதைக் கழிவு என்று கருத வேண்டியதில்லை; இளங்கொடிகளின் பழமும் இத்தகைய ஒயின்களில் சேர்வதால், இது விரைவில் பதமாகிறது, விலையும் குறைகிறது.

வாங்கும்போது பெயரைவிட அறுவடை ஆண்டைக் கவனியுங்கள். வெயில் நன்கு காய்ந்த 2016, 2018 போன்ற ஆண்டுகளின் இரண்டாம் முத்திரை, மழையில் நனைந்த 2013-இன் பெரிய பெயர்களைவிட மேலானது என்பது என் கருத்து.

பரிமாறும் முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மண்டி அடியில் தங்கிவிடும். ஒயின் 16 முதல் 18 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும்; வீடு அதைவிட வெதுவெதுப்பாக இருந்தால், திறப்பதற்கு அரை மணி முன்பு குளிர்பெட்டியில் வைப்பதில் தவறில்லை, விற்பன்னர் சிலர் முகம் சுளித்தாலும். இளம் ஒயினை அகன்ற கண்ணாடிக் குடுவையில் மெல்ல ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். பழைய பாட்டிலாயின், கழுத்துக்குப் பின்னால் விளக்கொளி படுமாறு பிடித்து ஊற்றி, கலங்கல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். காபர்னே சோவின்யோன் எனும் திராட்சை வகை மிகுந்த இந்தக் கலவையின் துவர்ப்புக்கு, வாட்டிய ஆட்டிறைச்சியே பொருத்தமான துணை.