ஜெர்மனிக்குப் படிக்கப் போனதும் செய்யக்கூடாத சில தவறுகள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் விசா, பணம், குளிருக்கு ஜாக்கெட் என்று மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். தபால் பெட்டியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு எண் கிடையாது. பெட்டியில் பெயர் இருந்தால்தான் கடிதம் வரும், இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் வருவது தபாலில்தான். நம் ஊர் பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலி. ஒரு அலுவலகம் உங்கள் பெயருக்கு எழுதும், இன்னொன்று அப்பா பெயருக்கு எழுதும். இரண்டையும் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். வாடகை குறைவு என்பதற்காக, "பதிவெல்லாம் செய்ய முடியாது" என்று சொல்லும் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அக்டோபரில் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் வருவதால் பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. நாள் தள்ளிப்போனால், முன்பதிவு செய்த சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பதிந்த பிறகு ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்று குப்பையில் போட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். கட்டணம் ஆளுக்கு அல்ல, வீட்டுக்குத்தான். சேர்ந்து தங்கியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும்.

படிப்பில் பலரும் சறுக்கும் இடம் தேர்வுப் பதிவு. வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டால் தேர்வுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது தனிப் பதிவு, தனிக் கெடு. தவறவிட்டால் அந்த செமஸ்டரில் எழுத முடியாது. "சும்மா எழுதிப் பார்ப்போம், அரியர் விழுந்தால் அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற நம் ஊர் கல்லூரிப் பழக்கம் அங்கே ஆபத்து. ஒரு தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு, பல இடங்களில் மூன்று. கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் அந்தப் படிப்பே முடிந்தது. அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. தேர்வு விதிகளை முதல் வாரமே படித்துவிடுவது நல்லது.

தன்னார்வப் பணிக்கு வருவோம். வந்த வேகத்தில் வாராவாரம் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, நவம்பரில் அசைன்மென்ட் குவிந்ததும் சொல்லாமல் நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. உங்களை நம்பித்தான் அந்த அமைப்பினர் யார் எந்த நாள் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்று ஆரம்பியுங்கள், அதுவே தாராளம்.

குழந்தைகளோடு பழகும் வேலைதான் பலருக்கும் ஆசை. ஆனால் பள்ளி, மழலையர் காப்பகம், அகதிகள் முகாம் போன்ற இடங்களில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான சான்று கேட்பார்கள். 1970-க்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் இது சட்டம். அம்மா பீரோவில் வைத்திருக்கும் பழைய தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். குழந்தைகள் இருக்கும் இடமென்றால் நன்னடத்தைச் சான்றும் தேவைப்படும். அமைப்பிடம் கடிதம் வாங்கிப் போனால் தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. மாணவர் விசாவில் வேலை ஆண்டுக்கு 140 முழு நாள்தான். ஊதியமில்லாத சேவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மணிக்கு இவ்வளவு தருகிறோம் என்றால் அது வேலை, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் இன்னும் வரவில்லையா? 1993-இல் பெர்லினில் தொடங்கி இப்போது ஊருக்கு ஊர் இருக்கும், கடைகளில் மிஞ்சியதை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் டாஃபல் உணவு வங்கிகளில் காய்கறி பிரிக்கும் மேசைக்குக் கேளுங்கள். கடைகள் தந்த பெட்டிகளில் அழுகியதை எடுத்துவிட்டு நல்லதை அடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தேதி தாண்டிய தயிரைக் கண்டதும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது "இந்தத் தேதி வரை தரம் குறையாது" என்ற தேதிதான், பரிசோதித்துவிட்டுக் கொடுக்கலாம். கொத்துக்கறி பாக்கெட்டில் இருப்பது "இந்தத் தேதிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்" என்ற வேறு தேதி. அது தாண்டினால் நேராகக் குப்பைக்குத்தான். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்கும் பாட்டியிடம் பெட்டியைக் காட்டிக் கேளுங்கள். மேசையில் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள்தான் நிற்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள்.